பேங்கில் விழுந்ததுதான் கமிஷன்

இணையத்தளம் நடத்தும் நம் ஆட்களிடம் அஃபிலியேட் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பர்சென்ட் தர்றான்?" பத்து என்றால் முகம் மலரும், மூன்று என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். பினாங்கில் இருந்துகொண்டு சமையலறைச் சாமான்களைப் பற்றித் தமிழில் எழுதி, அதில் வரும் கமிஷனில் வீட்டுச் செலவின் ஒரு பகுதியை ஓட்டுகிறவன் நான். அந்தக் கேள்வியை நான் கடைசியில்தான் கேட்பேன்.

புதியவர்களுக்காக இரண்டு வரி. நான் ஒரு வெட் கிரைண்டரைப் பற்றி எழுதுகிறேன். கட்டுரையில் உள்ள லிங்க்கைத் தட்டி நீங்கள் ஏதோ ஒரு கடையில் அதை வாங்கினால், கடைக்காரர் எனக்கு ஒரு பங்கு தருகிறார். ஒவ்வொரு கடையோடும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பதால் நடுவில் ஒரு நெட்வொர்க். லிங்க் தருவது, விற்பனையைப் பதிவு செய்வது, கடையிடம் காசு வசூலித்து எனக்கு அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. கோலாலம்பூரில் தொடங்கிய இன்வால்வ் ஏசியா, ஜப்பானிய நிறுவனத்தின் அக்செஸ்டிரேட், உலக அளவில் சிஜே, அவின், ரகுட்டன் எனப் பல இருக்கின்றன. அமேசான், ஷோப்பி போன்றவை தங்களுக்கென்று சொந்தத் திட்டமும் வைத்திருக்கின்றன.

நெட்வொர்க்கை நான் எடைபோடுவது தலைகீழாக. பேங்கில் வந்து விழும் காசிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவேன். பேங்குக்கு வருமுன் அது 'பெய்ட்' ஆக வேண்டும். அதற்குமுன் 'அப்ரூவ்ட்'. அதற்குமுன் 'பெண்டிங்'. அதற்கும் முன்னால், விற்பனை என் பெயரில் பதிவாகியே இருக்க வேண்டும். விளம்பரத்தில் தெரியும் பர்சென்ட் இந்த நான்கு படியில் எதையும் சொல்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். முதல் நெட்வொர்க் 9% தருகிறது. 1,000 கிளிக் அனுப்பினேன், 30 ஆர்டர் பதிவானது, ஆர்டருக்குச் சராசரி 120 வெள்ளி (ரிங்கிட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்). விற்பனை 3,600 வெள்ளி, கமிஷன் 324. அதில் 40% ரிஜெக்ட், அதாவது கடை ஏற்க மறுத்துவிட்டது. மிச்சம் 194 வெள்ளி 40 காசு. இரண்டாவது நெட்வொர்க் 5% மட்டுமே. ஆனால் கடையின் செயலிக்குள் நடக்கும் விற்பனையும் அதில் பதிவாகிறது, அதனால் அதே 1,000 கிளிக்குக்கு 42 ஆர்டர். விற்பனை 5,040, கமிஷன் 252, ரிஜெக்ட் 8%. கையில் 231 வெள்ளி 84 காசு. கிளிக்குக்கு முதலாவதில் சுமார் 19 காசு, இரண்டாவதில் 23 காசு. பர்சென்ட் ஏறக்குறைய பாதிதான், வந்த பணம் அதிகம்.

உண்மையில் கைக்கு வந்த தொகையை அனுப்பிய கிளிக்கால் வகுத்து வரும் இந்த எண்தான் என் அளவுகோல். நெட்வொர்க்குகளும் இபிசி (கிளிக்குக்கு வரும் வருமானம்) என்று ஒரு எண்ணைப் போடுவார்கள். அதில் இரண்டு எச்சரிக்கை. சிஜே காட்டும் இபிசி 100 கிளிக்குக்கான வருமானம். 15 டாலர் என்று போட்டிருந்தால் கிளிக்குக்கு 15 சென்ட் என்று அர்த்தம். இரண்டாவது, அது எல்லா பப்ளிஷர்களையும், அதாவது என்னைப் போல லிங்க் போடும் தளக்காரர்களையும், சேர்த்த சராசரி. அதில் கூப்பன் தளங்களும் இருக்கும். ஏற்கெனவே கூடையில் பொருளைப் போட்டுவிட்டுத் தள்ளுபடிக் குறியீடு தேடி வருகிறவர்தான் அங்கே கிளிக் செய்கிறார். நம் தளத்தில் இட்லிக்கு எந்த அரிசி நல்லது என்று படிக்க வந்தவரோடு அவரை ஒப்பிட முடியாது.

சரி, நெட்வொர்க்கைப் பார்க்குமுன் சொந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும். என் வாசகர்களில் பெரும்பாலோர் மலேசியாவும் சிங்கப்பூரும். அப்புறம் தமிழ்நாடு, கொஞ்சம் அமெரிக்கா, கனடா. தமிழில் எழுதினால் எல்லாத் தமிழரும் வருவார்கள், ஆனால் கடைகள் எல்லாத் தமிழருக்கும் அனுப்பாது. மின்சாரச் சாமான் என்றால் பிளக்கே வேறு. நம் மூன்று சதுர முனைப் பிளக் சென்னையில் நுழையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, எந்த நெட்வொர்க்கில சேரலாம்?" என்று அடிக்கடி கேட்பார். "உன் தளத்துக்கு எந்த நாட்டிலிருந்து எவ்வளவு பேர் வர்றாங்க, கைப்பேசியில எத்தனை, கணினியில எத்தனை, அதை முதல்ல அனுப்புப்பா" என்பேன். ஏனென்றால் ஒரு நெட்வொர்க்கில் ஆயிரம் கடை இருப்பதாகச் சொன்னாலும், என் வாசகருக்குப் பொருள் அனுப்பக்கூடிய, என் விஷயத்துக்குப் பொருந்தக்கூடிய கடை பத்துகூடத் தேறாமல் போகலாம். சேருவதற்குமுன் கடைப் பட்டியலைக் காட்ட மறுக்கும் நெட்வொர்க்கை நான் அதோடு விட்டுவிடுவேன்.

அமெரிக்க வாசகர்களுக்கு அமேசான் திட்டம் ஓரளவு பயன்படும், விதிகளைத் தெரிந்துகொண்டால். லிங்க்கைத் தட்டிய 24 மணி நேரத்துக்குள் வாங்க வேண்டும். அதற்குள் கூடையில் போட்டுவிட்டால் 90 நாள்வரை கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது வராவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். 2020 ஏப்ரலில் வீட்டுச் சாமான்களுக்கான கமிஷனை 8 சதவிகிதத்திலிருந்து 3 ஆகவும், மளிகையை 5 சதவிகிதத்திலிருந்து 1 ஆகவும் ஒரே வீச்சில் குறைத்தார்கள். ஊரே அடைந்து கிடந்த நேரம் அது. பர்சென்ட்டை நம்பித் திட்டம் போடக்கூடாது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அது அவர்கள் நினைத்தபோது மாற்றும் எண்.

இனி பதிவாகும் விஷயம். மலேசியாவில் இதுதான் பெரிய ஓட்டை. நம் மக்கள் கைப்பேசியில்தான் வாங்குகிறார்கள், அதுவும் கடையின் செயலியில். என் கட்டுரையை வாட்ஸ்அப்பில் வந்த சுட்டி வழியாகத் திறக்கிறார், லிங்க்கைத் தட்டுகிறார், செயலி திறக்கிறது. அந்த இடத்தில் என் அடையாளம் கூடப் போகிறதா, நின்றுவிடுகிறதா? யார் லிங்க்கில் வந்தார் என்று நினைவில் வைக்கப் பிரவுசரில் போடும் சிறு குறிப்புதான் குக்கி, அது செயலிக்குள் போகாது. செயலி விற்பனையைப் பதிவு செய்யத் தனி ஏற்பாடு வேண்டும், அதை நெட்வொர்க்கும் கடையும் சேர்ந்து செய்திருக்க வேண்டும். ஒரே நெட்வொர்க்கில்கூட ஒரு கடைக்கு அது இருக்கும், இன்னொரு கடைக்கு இருக்காது. ஆகவே கடைவாரியாகக் கேட்க வேண்டும்.

ஐபோன்காரர்கள் வேறு ரகம். ஆப்பிள் 2017இல் சஃபாரியில் தடம் பிடிப்பதைத் தடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2019இல் தளத்தின் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கிகளுக்கு ஏழு நாள்தான் ஆயுள் என்று ஆக்கியது. "30 நாள் குக்கி" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், "குக்கியை நம்பாமல் சர்வர் வழியாகப் பதிவு செய்கிறீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஆமாம் என்றால் நல்லது. கேள்வியே புரியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சோதிப்பதற்குக் காசு செலவு இல்லை. ஒரே பொருளுக்கு ஐந்தாறு லிங்க் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு சப் ஐடி போடுங்கள். சப் ஐடி என்பது லிங்க்கின் வாலில் நாமே சேர்க்கும் குறிப்பு. எந்தக் கட்டுரை, எந்த இடம் என்று பின்னால் பிரித்துப் பார்க்க உதவும். ஒன்றை ஆண்ட்ராய்டு குரோமில் தட்டுங்கள், ஒன்றை ஐபோன் சஃபாரியில், ஒன்றை ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில், ஒன்றை டெலிகிராமிலிருந்து. சரியான பொருள் பக்கம் திறக்கிறதா, இல்லை கடையின் முகப்பில் கொண்டுபோய் விட்டுவிடுகிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் நமக்குக் கணக்குக் காட்டும் பக்கமான டேஷ்போர்டில் எந்த சப் ஐடிக்கெல்லாம் கிளிக் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கிளிக்கே ஏறவில்லை என்றால் விற்பனை எங்கிருந்து ஏறும்? ஆனால் சோதனை என்று சொந்த லிங்க்கில் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான நெட்வொர்க்குகள் அதைத் தடை செய்கின்றன. அமேசானில் உறவினர், நண்பர்களைவிட்டு வாங்கச் செய்வதும் விதிமீறல். ஒரு சோதனை ஆர்டர் போட அனுமதி வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், சிலர் தருவார்கள்.

எல்லாம் சரியாகப் பதிவானாலும் கடைசிக் கிளிக்காரருக்குத்தான் கமிஷன் என்ற வழக்கம் இருக்கிறது. மூன்று நாள் உட்கார்ந்து கிரைண்டரில் மாவரைத்துப் படம் எடுத்து நான் எழுதுவேன். வாசகர் என் லிங்க்கில் போய், பணம் கட்டும் நேரத்தில் கேஷ்பேக் செயலியையோ பிரவுசரில் சேர்த்து வைத்திருக்கும் கூப்பன் எக்ஸ்டென்ஷனையோ தட்டுவார். கமிஷன் அங்கே போய்விடும். பந்தியில் கடைசியாகப் பாயசம் ஊற்றியவருக்குத்தான் சமையல் கூலி என்பது போல. இதை நாம் மாற்ற முடியாது. ஆனால் இந்தக் கடைக்கு யார் யாரெல்லாம் பப்ளிஷர்கள், கூப்பன் தளங்களை விலக்கியிருக்கிறார்களா, எழுத்துத் தளங்களுக்குத் தனிப் பங்கு உண்டா என்று கேட்கலாம். சில கடைகள் தருகின்றன.

அடுத்தது ரிஜெக்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டும்.

பெண்டிங்கில் இருப்பது காசு அல்ல. பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிய வேண்டும், கடை உறுதி செய்ய வேண்டும், கடை நெட்வொர்க்குக்குக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதம் சாதாரணம். ஹோட்டல் என்றால் இன்னும் தள்ளும். தைப்பூசத்துக்குப் பினாங்கு வருகிறவர்களுக்காகத் தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் எங்கே தங்கலாம் என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். தீபாவளி முடிந்ததும் ஆட்கள் அறை பதிவு செய்யத் தொடங்குவார்கள். கமிஷன் உறுதியாவது அவர்கள் தங்கிவிட்டுக் கிளம்பிய பிறகு. நவம்பரில் செய்த வேலைக்கு மார்ச்சில் காசு வந்தால் சீக்கிரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாமதம் பரவாயில்லை, காரணம் சொல்லாமல் ரிஜெக்ட் செய்வதுதான் பிரச்சினை. ஒரு நெட்வொர்க்கில் (மேலே பெயர் சொன்ன எதுவும் அல்ல) 11.11 (நவம்பர் 11) தள்ளுபடி விற்பனை சமயத்தில் குக்கரும் மிக்சியும் நன்றாக ஓடின. டேஷ்போர்டைத் திறக்கவே ஆசையாக இருந்தது. ஜனவரியில் பார்த்தால் பாதிக்குமேல் சிவப்பு. காரணம் என்ற இடத்தில் 'செல்லாது' என்று ஒரே சொல். கேட்டு எழுதினேன். "கடையின் முடிவே இறுதியானது" என்று பதில். விடாமல் சப் ஐடி, தேதி, நேரம், தொகை எல்லாவற்றையும் அட்டவணையாகப் போட்டு, எந்த வகை ஆர்டர்கள் தள்ளப்பட்டன என்று கேட்டேன். கடைசியில் வெளியே வந்தது: புதிய வாடிக்கையாளருக்கு மட்டும்தான் கமிஷன் என்று கடை விதியை மாற்றியிருக்கிறது, அதுவும் விற்பனை தொடங்கிய பிறகு, டேஷ்போர்டின் மூலையில் ஒரு அறிவிப்பாக. அறிவிப்புக்கு முந்தைய ஆர்டர்களுக்கு மட்டும் திருப்பித் தந்தார்கள். அந்த அட்டவணை இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது.

அன்றிலிருந்து எந்த நெட்வொர்க்கில் சேருவதாக இருந்தாலும் எழுத்தில் சில பதில்கள் வாங்கிவிடுகிறேன். ரிஜெக்ட் ஆனால் ஆர்டர்வாரியாகக் காரணம் தெரியுமா? எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்கலாம்? விதி மாறினால் மின்னஞ்சல் வருமா, நாமே போய்த் தேட வேண்டுமா? கடை காசு கட்டாமல் போனால் நெட்வொர்க் கைக்காசு போட்டுத் தருமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். ஆனால் இல்லை என்று நேராகச் சொல்கிறவரோடு தொழில் செய்யலாம். தொலைபேசியில் தேனாகப் பேசிவிட்டு மின்னஞ்சலில் ஒரு வரி எழுதத் தயங்குகிறவர்தான் பயம்.

கடைகளின் தரத்தையும் பார்க்க வேண்டும். சில நெட்வொர்க்குகளில் கமிஷன் அதிகமாக இருக்கும் வரிசையைத் திறந்தால் இணையச் சூதாட்டம், உடனடிக் கடன், மூன்று வாரத்தில் தொப்பை குறைக்கும் மாத்திரை இவைதான் மேலே நிற்கும். சூதாட்டக் கூடங்களுக்கும் பந்தயத்துக்கும் எதிரான சட்டங்கள் இந்த நாட்டில் 1953இலிருந்து இருக்கின்றன. வட்டிக்கு விடுகிறவர் உரிமம் வைத்திருந்தாலும் விளம்பரத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். சட்டத்தை விடுங்கள்; ஆலோங் எனும் கந்துவட்டிக்காரனிடம் சிக்கிச் சீரழிந்த குடும்பங்களை நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) பார்க்காதவர் யார்? என் அக்காவோ சித்தியோ தட்டினால் எனக்குக் கூசும் லிங்க்கை என் தளத்தில் போடுவதில்லை.

பணம் வரும் வழிக்கு வருவோம். குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். சிறு தளத்துக்கு 50 டாலர் வரம்பே மாதக்கணக்கில் இழுக்கும். காசோலை என்றால் சில இடங்களில் 100 டாலர், கூடவே பேங்கில் மாற்றும் கட்டணமும் காத்திருப்பும். ரிங்கிட்டில் நேராக மேபேங்கிலோ சிஐஎம்பியிலோ போடும் நெட்வொர்க் என்றால் நிம்மதி. டாலர் என்றால் பேயோனியர், பேபால் வழியாக வரும், ஒவ்வொரு கையும் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும். மாற்று விகிதத்தில் போவது ரசீதில்கூடத் தெரியாது. சும்மா கிடக்கும் கணக்குக்கு மாதாமாதம் கட்டணம் பிடிக்கும் நெட்வொர்க்குகளும் உண்டு. அந்த விதியைச் சேரும்போதே தேடிப் பாருங்கள், இல்லையென்றால் இருந்த சில்லறையும் கரைந்துவிடும்.

அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள். நான் அமெரிக்கர் அல்ல என்ற உறுதிமொழிதான், பயப்பட ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்று ஆண்டு முடிவு வரை செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இங்கே வருமான வரி வாரியத்துக்கு இதுவும் வருமானம்தான். தொழிலாகப் பதிந்து செய்தால் பி படிவம், கெடு ஜூன் 30. கணக்குகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆகவே டேஷ்போர்டை நம்பாமல் மாதாமாதம் அறிக்கையை இறக்கி வையுங்கள். தொழில்களைப் பதியும் எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் என்றால் 60. சில நெட்வொர்க்குகள் அந்தப் பதிவு இருந்தால்தான் பேச்சே.

நெட்வொர்க்குகளும் சாசுவதம் அல்ல. 2000இலிருந்து ஓடிய ஷேர்ஏசேல் தளத்தை 2017இல் அவின் வாங்கியது. 2025இல் பப்ளிஷர்களைத் தன் பக்கம் நகர்த்திவிட்டு அதை மூடிவிட்டது. அப்படி ஒரு மாற்றம் வந்தால் பழைய கட்டுரைகளில் உள்ள லிங்க் எல்லாவற்றையும் யார் மாற்றுவது? நான் லிங்க்குகளை என் தளத்தின் ஒரே இடத்தில் பதிந்து, அங்கிருந்து திருப்பிவிடுகிறேன். கடை மாறினால் அந்த ஒரு இடத்தில் திருத்தினால் போதும். அமேசான் லிங்க்கை மட்டும் இப்படி மறைக்கக்கூடாது, எங்கே போகிறோம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் விதி. கூகுளுக்கும் இது விளம்பர லிங்க் என்று குறிக்க 2019இல் தனிக் குறி வந்திருக்கிறது, போட்டுவிடுவது நல்லது. வாசகருக்கு? கட்டுரையின் மேலேயே, "இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது" என்று எழுதிவிடுகிறேன். எழுதத் தொடங்கிய பிறகு கிளிக் குறையவில்லை. "உங்க லிங்க்லதான் வாங்குனேன் தம்பி" என்று ஈப்போவிலிருந்து ஒரு அம்மா குரல் பதிவு அனுப்புவார்.

புது நெட்வொர்க் என்றால் முழுத் தளத்தையும் அதற்குத் தாரை வார்ப்பதில்லை. நன்றாகப் படிக்கப்படும் இரண்டொரு கட்டுரையை மட்டும் கொடுத்து, ஒரு பேமென்ட் சுற்று முழுதாக முடியும்வரை, அதாவது கிளிக்கிலிருந்து பேங்க் வரை, காத்திருப்பேன். நடுவில் வேண்டுமென்றே ஒரு கேள்வி எழுதி அனுப்பி, பதில் எத்தனை நாளில் வருகிறது, மனிதர் எழுதியதா, எல்லாருக்கும் அனுப்பும் ஒரே வார்ப்புப் பதிலா என்று பார்ப்பதும் உண்டு.

இப்போது என்னிடம் இரண்டு நெட்வொர்க் இருக்கிறது, வெளிநாட்டு வாசகர்களுக்கு அமேசான், அப்புறம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையோடு நேரடி ஏற்பாடு. அங்கே குக்கி கிடையாது, டேஷ்போர்டு கிடையாது. என் வாசகருக்கென்று ஒரு தள்ளுபடிக் குறியீடு. அதைச் சொல்லி வாங்கியவர்கள் பட்டியலை முதலாளி மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, பேங்குக்கு உடனே பணம் அனுப்பும் டுயிட்நவ் வழியாகப் பணம் போட்டுவிடுவார். கிளிக்குக்கு வரும் காசை வகுத்துப் பார்த்தால் இரண்டு நெட்வொர்க்கையும் விட அதிகம். ஒரே சங்கடம், கல் கிரைண்டரின் எடைக்குக் கூலி கட்டாது என்று சபா, சரவாக்குக்கு அவர் அனுப்புவதில்லை. அந்த இரண்டு மாநில வாசகர்களுக்காக அதே கட்டுரையில் நெட்வொர்க் லிங்க்கையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.